கடற்கரை வீட்டில் ஒரு விருந்தினர் அறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், சிறப்பாக வலிகாமம் வடக்குப் பகுதியில், கடலைப் பார்த்த வீடுகள் மீண்டும் எழுந்து வருகின்றன. 1990 ஆம் ஆண்டில் அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் பல, 2009 ஆம் ஆண்டின் பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்ட தத்தம் காணிகளிற் பழைய அத்திவாரங்களைத் தேடிப் பிடித்து வீடு கட்டுகின்றன. கட்டுகிறவர்கள் இருவரோ மூவரோதான்; ஆடி, ஆவணி மாதங்களில் வந்து தங்கும் உறவினரோ பலர். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவோருக்காக ஒரு சிற்றறையும், அதனோடு சேர்ந்த குளியலறையும் வேண்டியிருக்கின்றன. சிறிய இடத்தில் நால்வர் படுக்க அடுக்குக் கட்டிலே வழி.

அறையின் அளவைக் கட்டிலே தீர்மானிக்கிறது. வளர்ந்த ஒருவர் படுக்க ஆறரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும். இரு நெடுஞ்சுவர்களையும் ஒட்டி ஒவ்வோர் அடுக்குக் கட்டிலை வைத்து, நடுவே நான்கு அடி வழி விட்டால் அறையின் அகலம் ஒன்பது அடியாகும். நீளம் பத்து அடியாயின், கால்மாட்டில் எஞ்சும் மூன்றரை அடி கதவுக்கும் பயணப் பெட்டிகளுக்கும் உதவும். கீழ்க்கட்டிலில் இருப்பவரின் தலை இடிபடாமலிருக்க மூன்று அடி இடைவெளி வேண்டும். மேற்கட்டிலுக்கும் கூரைக்கும் இடையிலும் அவ்வளவே வேண்டும். ஆகவே, ஒன்பது அடிக்குக் குறைந்த உயரமுள்ள அறையில் அடுக்குக் கட்டில் இடுவது நல்லதன்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை மேலே படுக்கவிடலாகாது. மேற்கட்டிலின் காப்புச் சட்டம் மெத்தைக்கு மேல் ஓரடியேனும் நிற்கவேண்டும்.

கூரையில் மின்விசிறி பூட்டும் வழக்கம் நம்மவரிடையே பெரிது. இந்த அறையில் அது பேராபத்து. மேற்கட்டிலில் எழுந்து நிற்கும் பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் விசிறியின் அலகு சுழலும். சுவர் விசிறி ஒன்று, அதுவும் கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில், போதுமானது. காற்றோட்டம் சரியாக அமைந்தால் அதுவும் பல இரவுகளில் வேண்டியதில்லை.

காற்றோட்டத்திலேதான் பலரும் தவறுகின்றனர். கடல் வடக்கே இருப்பதால் பெரிய யன்னலை வடக்கே வைத்து, தெற்குச் சுவரை அடைத்துவிடுகின்றனர். காட்சி அழகானதே. ஆனால், விருந்தினர் வரும் ஆவணியில் வீசுவது சோளகம்; அது தென்மேற்கிலிருந்து, நிலப்புறமாக வருகிறது. இரவில் வீசும் நிலக்காற்றும் கரையிலிருந்து கடலை நோக்கியே செல்லும். தெற்கே வாயில் இல்லாத அறைக்குள் அந்தக் காற்று எவ்வாறு புகும்? தெற்கு யன்னலும் வடக்கு யன்னலும் நடுவழியின் இரு முனைகளில் எதிரெதிராக இருந்தால், காற்று கட்டில்களின் நடுவே ஓடிக் கடற்பக்கமாக வெளியேறும். சூடான காற்று மேலே தங்குவதால் மேற்கட்டிலில் படுப்பவருக்கே புழுக்கம் மிகுதி. ஆதலின், இரு சுவர்களிலும் கூரையை ஒட்டி வலையடித்த சிறு துவாரங்கள் இன்றியமையாதவை. மார்கழி, தை வாடைக்கு வடக்கு யன்னலை இறுகச் சாத்தக்கூடியதாகச் செய்வதும் தச்சரின் பொறுப்பு.

கடையில் வாங்கும் இரும்புக் கட்டில் இக்கரையில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. உப்புக் காற்று முதலில் ஏணியின் பொருத்துகளையே தின்னும். வெளியே வர்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு ஏறிவிடும். வேம்போ முதிரையோ கொண்டு, மரமுளை வைத்துப் பொருத்திய கட்டிலே மேல். ஆணி தவிர்க்கமுடியாத இடத்திற் பித்தளை நல்லது. சீமெந்துக் கலவைக்குக் கடல்மணல் சேர்ப்பதையும் விலக்கவேண்டும். உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கும்போது சீமெந்து வெடித்து உதிரும்.

குளியலறைக்கு வடமேற்கு மூலை பொருந்தும். பிற்பகல் வெயில் அதனை உலர்த்தும். சோளகம் அதன் வாடையைப் படுக்கையறைக்குக் கொண்டுவராது. ஆறடிக்கு நான்கடி இடம் போதும். தரையைக் குளிக்கும் பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிக்கவேண்டும். கடலாடி வருபவர் கால் கழுவ வெளியே ஒரு குழாயும், கழுவிய நீரில் மணல் அடங்க ஒரு சிறு தொட்டியும் வேண்டும். இத்தொட்டி இல்லாத வீடுகளில் கழிவுநீர்க் குழாய் மணலால் அடைபட்டு, விருந்தினர் இருக்கும்போதே மேசனைத் தேடி ஓட நேர்வதுண்டு.

இவை யாவும் வசதி பற்றியவை. கிணறு பற்றியது வேறு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து நாற்பது அடி உப்புநீர் ஏறும் என்பது அதன் மறுபக்கம். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனாலேயே. கரையை ஒட்டிய கிணறுகளில் இப்படலம் மிக மெல்லியது. மாரி மழை ஐப்பசியிலேதான் தொடங்கும். விருந்தினர் கூடும் ஆவணியிலோ கிணற்று நீர் மிகத் தாழ்ந்திருக்கும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே ஓர் அளவாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அவ்வளவு தெரியாது. மேலிருந்து பொழியும் குழாயின் கீழ்ப் பத்து நிமிடம் நிற்பவர் ஏறத்தாழ 100 லீற்றர் செலவிடுவார். வாளியில் அள்ளிக் குளிப்பவருக்கு அதிற் பாதி போதும். அறையில் நான்கு கட்டிலா, இரண்டா என்பதைக் கிணற்றின் ஆவணி மாத மட்டத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். குளித்த நீர் வாழைப் பாத்திக்குப் போகட்டும்.

மலசலகூடத்தின் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் இருக்கவேண்டும் என்பது பலரும் அறிந்த விதி. மணல் நிலத்தில் அது ஓரளவு காக்கும். சுண்ணாம்புக் கல்லிலோ நீர் வடிவதில்லை, பிளவுகளினூடே ஓடுகிறது. கழிவு சில நாட்களிலேயே கிணற்றை அடையலாம். குழந்தையின் பாற்புட்டிக்கும் அதே கிணற்று நீர்தான். நிலத்தடி நீர் பொதுவாகக் கடலை நோக்கிச் செல்வதால் கிணறு நிலப்புறத்திலும் குழி கடற்புறத்திலும் அமையவேண்டும். அதனினும் சிறந்தது, அடியும் சுவரும் ஒழுகாதபடி சீமெந்து பூசிய தொட்டி. நிரம்பியதும் வண்டி வரவழைத்து வெறுமையாக்கலாம். செலவு கூடும். கட்டிலிலும் கற்பதிப்பிலும் மிச்சம் பிடித்தாவது இதற்குச் செலவிடுவது தகும். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்கு அனுமதி வேண்டும்; அதற்கான வரைபடத்திலேயே தொட்டியின் இடத்தையும் குறித்துவிடலாம்.

புரட்டாதியில் உறவினர் திரும்பிவிடுவர். அறை மாதக்கணக்கிற் பூட்டிக்கிடக்கும். அப்போது கழிவுக் குழாயின் வளைவில் நிற்கும் இரண்டங்குல நீர் வற்றி, துர்நாற்றமும் கரப்பான் பூச்சியும் உள்ளே ஏறும். பூட்டுமுன் ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு வாளி நீர் விட்டு, மேலே ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றினால் நீர் எளிதில் வற்றாது.