44,000 பேர் வந்த ஊர்ல கிளப் ஏன் மூடுச்சு? கனடா சாக்கர் சண்டைக்குப் பின்னாடி இருக்கிற பணக் கணக்கு



2021 நவம்பர் 16. கனடாவின் எட்மன்டன் நகரம். மைனஸ் 9 டிகிரி குளிர், மைதானத்தின் ஓரம் முழுக்க பனிக் குவியல். கனடா – மெக்சிகோ உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். அந்தக் குளிர்ல காமன்வெல்த் ஸ்டேடியத்துக்கு வந்தவங்க 44,212 பேர். கனடா 2–1னு ஜெயிச்சது.

அந்தப் பெரிய ஸ்டேடியத்துக்குப் பக்கத்துலயே கிளார்க் ஸ்டேடியம்னு ஒரு சின்ன மைதானம் இருக்கு. அதுதான் எஃப்சி எட்மன்டன் கிளப்போட சொந்த ஊர் மைதானம். 2022 சீசன்ல அங்க ஒரு ஆட்டத்துக்கு சராசரியா ஆயிரம் பேர் அளவுலதான் வந்தாங்க. மெக்சிகோ ஆட்டம் முடிஞ்சு ஒரு வருஷம்கூட தாண்டல, 2022 நவம்பர்ல அந்தக் கிளப்பை லீக் நிறுத்திடுச்சு.

இதை வச்சு கனடா ரசிகர்கள் நடுவுல இன்னைக்கும் சண்டை ஓயல. "இது ஹாக்கி ஊர், இங்க சாக்கர் எடுபடாது"ன்னு ஒரு கட்சி. "முதலாளி காசு போடல"ன்னு இன்னொரு கட்சி. "எல்லாம் எம்எல்எஸ் பண்ண வேலை"ன்னு மூணாவது கட்சி. 2025 நவம்பர்ல வின்னிபெக் நகரத்தோட வேலர் எஃப்சியும் மூடினதும் அதே வசனம், அதே ஆளுங்க.

ஆட்டத்தைப் பத்தி நான் பெருசா பேசப் போறதில்ல. ஒரு கிளப்பை ஒரு வீட்டு பட்ஜெட் மாதிரி, ஒரு கடை மாதிரி பார்த்தா இந்தச் சண்டையில பாதி தானா தீரும். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

(ஒரு சின்ன விளக்கம்: கனடாவுல "ஃபுட்பால்"னா தோள்ல கவசம் போட்டு முட்டிக்கிற அந்த விளையாட்டு. நம்ம கால்பந்துக்கு அங்க பேர் சாக்கர். சிபிஎல்னு நான் சொல்றது கனடியன் பிரீமியர் லீக், கரீபியன் கிரிக்கெட் இல்ல. தனியா சொல்லாத இடத்துல எல்லாம் டாலர்னா கனடா டாலர்.)

வாதம் 1: "44,000 பேர் வந்தாங்களே, அப்போ ரசிகர் இருக்காங்கதானே?"

இருக்காங்க. ஆனா கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் சாப்பிட வந்தாங்கன்னு அதே தெருவுல மெஸ் ஆரம்பிச்சா தினமும் ஆயிரம் பேர் வருவாங்களா? கல்யாணம் ஒரு நாள் கூட்டம். மெஸ்ஸுக்கு வேண்டியது, செவ்வாய்க்கிழமை மழையிலும் வர்ற நூறு பேர்.

கனடாவோட சாக்கர் வரலாறு முழுக்க இந்தக் குழப்பம் உண்டு. 1979ல வான்கூவர் வைட்கேப்ஸ் வட அமெரிக்க லீக் கோப்பையை ஜெயிச்சப்போ, ஊர்வலத்துக்கு சுமார் ஒரு லட்சம் பேர் தெருவுல நின்னாங்க. 1984 சீசனோட அந்த லீக்கே முடிஞ்சு போச்சு. 1986ல கனடா முதல் தடவையா ஆண்கள் உலகக் கோப்பைக்குப் போச்சு. அந்தச் சூட்டுல 1987ல கனடியன் சாக்கர் லீக் ஆரம்பிச்சாங்க. 1992ல அதுவும் மூடிட்டாங்க.

எட்மன்டனையே எடுத்துக்கோங்க. டிரில்லர்ஸ், பிரிக்மென், ஏவியேட்டர்ஸ், அப்புறம் எஃப்சி எட்மன்டன். ஒவ்வொரு தடவையும் "இந்த முறை ஊர் தயாரா இருக்கு"ன்னுதான் ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் கூட்டத்தை மாசச் சம்பளம்னு நினைச்சு கடன் வாங்கினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்ல.

வாதம் 2: "முதலாளி கஞ்சன்"

சிபிஎல் 2019ல 7 அணிகளோட ஆரம்பிச்சது. ஹாமில்டன்ல நடந்த முதல் ஆட்டத்துக்கு 17,611 பேர் வந்தாங்க. லீக் சீசன்ல ஒரு அணிக்கு 28 ஆட்டம். அதுல சொந்த ஊர்ல 14.

இந்த 14ங்கிற எண்ணைப் பிடிச்சுக்கோங்க. கடை வருஷத்துக்கு 14 நாள்தான் திறக்கும். செலவு 365 நாளும் ஓடும்.

ஒரு கணக்கு போடுவோம். இது உதாரணத்துக்கு மட்டும், எந்தக் கிளப்போட உண்மைக் கணக்கும் இல்ல. ஒரு டிக்கெட் 25 டாலர்னு வச்சுக்கோங்க.

- 1,000 பேர் வந்தா: வருஷத்துக்கு 3.5 லட்சம் டாலர்
- 4,000 பேர் வந்தா: 14 லட்சம் டாலர்
- 6,000 பேர் வந்தா: 21 லட்சம் டாலர்

இப்போ செலவு. வீரர்கள் சம்பளத்துக்கு லீக் வச்சிருக்கிற உச்சவரம்பே 12 லட்சம் டாலர் அளவுல இருக்கு. அதுக்கு மேல பயிற்சியாளர், மருத்துவர், அலுவலகம், மைதான வாடகை, காப்பீடு. அப்புறம் விமான டிக்கெட். கிழக்குல ஹாலிஃபாக்ஸ்ல இருந்து மேற்குக் கரைக்குப் பறந்தா சுமார் 4,400 கிலோமீட்டர். சென்னை – டெல்லி தூரத்தைப் போல ரெண்டரை மடங்கு. பஸ்ல போய் விளையாடிட்டு ராத்திரி வீடு திரும்புற லீக் இல்ல இது.

ஆயிரம் பேர் வர்ற கிளப்புக்கு டிக்கெட் காசு சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்குக்கூட வராது. முதலாளி தாராள மனசுக்காரரா இருந்தாலும், வருஷா வருஷம் கைக்காசு போடுறது பிசினஸ் இல்ல, தர்மம். தர்மம் பண்றவர் ஒரு நாள் களைச்சுப் போவார்.

வாதம் 3: "ஊர் சரியில்ல"

எட்மன்டன், கால்கரி ரெண்டும் ஒரே ஆல்பர்ட்டா மாகாணம். ரெண்டும் ஹாக்கி பைத்தியம் பிடிச்ச ஊர். ரெண்டு கிளப்பும் 2019ல ஒரே லீக்ல விளையாட ஆரம்பிச்சது. எட்மன்டன் மூடுச்சு. கால்கரியோட கேவல்ரி எஃப்சி 2024ல சாம்பியன் ஆச்சு. ஊர்தான் காரணம்னா இது எப்படி?

ஒரு முக்கிய வித்தியாசம் மைதானம். கேவல்ரி விளையாடுறது ஸ்ப்ரூஸ் மெடோஸ்ங்கிற குதிரைப் போட்டி வளாகத்துல. அந்த வளாகத்தை நடத்துறவங்கதான் கிளப்பையும் நடத்துறாங்க. பார்க்கிங், சாப்பாடு, பானம், விளம்பரப் பலகை எல்லாம் ஒரே கல்லாப்பெட்டிக்குப் போகும். எட்மன்டன் விளையாடினது நகராட்சி மைதானத்துல. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

"அப்போ மைதானம் கையில இருந்தா போதுமா?"ன்னு கேட்டா, அதுவும் இல்ல. வின்னிபெக் வேலரைப் பாருங்க. வின்னிபெக் ப்ளூ பாம்பர்ஸ்ங்கிற கனடிய ஃபுட்பால் அணியை நடத்துற அமைப்புதான் வேலரையும் நடத்துச்சு. ரெண்டுக்கும் ஒரே ஸ்டேடியம். ஆனா அது சுமார் 33,000 பேர் உட்காரக்கூடியது. அதுல சில ஆயிரம் பேர் உட்கார்ந்தா எப்படி இருக்கும்? வர்றவனுக்கே "யாருமே இல்லையே"ன்னு தோணும். அடுத்த தடவை நண்பனைக் கூட்டிட்டு வரமாட்டான். தொடர்ந்து நஷ்டம் வந்து, கடைசியில கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழு பெட்ரூம் பங்களா எடுத்த மாதிரி.

இதுக்கு நேர் எதிர் ஹாலிஃபாக்ஸ். நகரத்து நடுவுல இருக்கிற வாண்டரர்ஸ் கிரவுண்ட்ஸ்ங்கிற பொது இடத்துல, தற்காலிக கேலரி போட்டு ஆறாயிரம் சொச்சம் பேர் உட்கார வச்சாங்க. ஆபீஸ் முடிச்சு நடந்தே போகலாம். மைதானம் சின்னது, அதனால நிறைஞ்சு தெரியும். நிறைஞ்ச இடத்துக்கு டிக்கெட் கிடைக்காம போயிடுமோன்னு ஜனங்க முன்கூட்டியே வாங்குவாங்க. முன்பணம் வந்தா கிளப்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். 2025ல ஆரம்பிச்ச பெண்களுக்கான நார்தர்ன் சூப்பர் லீக்ல ஹாலிஃபாக்ஸ் டைட்ஸ் அணிக்கும் அதுதான் மைதானம். அதாவது அதே இடம் இன்னும் அதிக நாள் சம்பாதிக்குது.

வாதம் 4: "எம்எல்எஸ்ல இருந்தா கவலையே இல்ல"

அமெரிக்க – கனடா கூட்டு லீக்கான எம்எல்எஸ்ல மூணு கனடா அணி: டொராண்டோ (2007), வான்கூவர் (2011), மான்ட்ரியல் (2012). இங்க சொத்து மதிப்பு வேற, கைக்கு வர்ற காசு வேறங்கிறதைப் புரிஞ்சுக்கணும்.

டொராண்டோ இந்த லீக்ல சேர கட்டின கட்டணம் ஒரு கோடி அமெரிக்க டாலர். 2023ல சான் டியாகோ சேர ஒத்துக்கிட்டது 50 கோடி அமெரிக்க டாலர். 50 மடங்கு! அதனாலதான் வருஷா வருஷம் நஷ்டம் வந்தாலும் முதலாளிங்க தாக்குப் பிடிக்கிறாங்க. ஊருக்கு வெளிய மனை வாங்கிப் போட்டவர் மாதிரி. வாடகை வராது, வரி கட்டணும், ஆனா விலை ஏறிட்டே இருக்கு.

ஆனா ரசிகனுக்கு இதுல ஒரு ஆபத்து இருக்கு. மனையை நகர்த்த முடியாது. லீக் உரிமத்தை வேற ஊருக்கு நகர்த்தலாம்.

வான்கூவர்ல அந்தப் பயம்தான். 2025ல வைட்கேப்ஸ் ஆடின ஆட்டம் சாதாரணமா? கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி, எம்எல்எஸ் கோப்பை இறுதி, ஜெர்மனியோட தாமஸ் முல்லர் வேற வந்து சேர்ந்தார். ஆனா அதுக்கு முன்னாடியே, 2024 டிசம்பர்ல, உரிமையாளர்கள் கிளப்பை விற்பனைக்குப் போட்டுட்டாங்க. அவங்க விளையாடுற பிசி பிளேஸ் மாகாண அரசு நிறுவனத்தோடது. கிளப் அங்க குடித்தனக்காரர். மைதான வருமானத்துல போதுமான பங்கு வரல, தேதியும் நம்ம கையில இல்லைங்கிறதுதான் கிளப் தரப்போட குறை. கோல் போட்டா கோப்பை கிடைக்கும். குத்தகை ஒப்பந்தம் தானா மாறாது.

இன்னொரு சத்தமில்லாத செலவு, டாலர் விலை. எம்எல்எஸ் வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலர்ல. டிக்கெட் விக்கிறது கனடா டாலர்ல. வான்கூவர், மான்ட்ரியல் சேர்ந்த காலத்துல ரெண்டு டாலரும் கிட்டத்தட்ட சமம். 2025ல ஒரு அமெரிக்க டாலருக்கு சுமார் 1.40 கனடா டாலர் கொடுக்கணும். ஒரு ஆள்கூட புதுசா எடுக்காமலே சம்பளச் செலவு 40 சதவீதம் ஏறின மாதிரி!

காசு மட்டும் கொட்டினாலும் வேலைக்கு ஆகாது. 2022ல டொராண்டோ இத்தாலியோட லொரென்சோ இன்சினியேவைக் கூட்டிட்டு வந்தது. ஒரு வருஷச் சம்பளமே ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் அளவு. 2023ல அணி லீக்லயே கடைசி இடம். அந்த ஒருத்தர் சம்பளத்துல சிபிஎல்லோட எல்லா அணிகளுக்கும் உச்சவரம்புச் சம்பளம் கொடுத்தும் மிச்சம் இருக்கும்.

வாதம் 5: "தேசிய அணி காசை லீக் சாப்பிடுது"

இதுதான் ரொம்பச் சூடான சண்டை. 2018ல கனடா சாக்கர் சங்கம் தன்னோட ஒளிபரப்பு, விளம்பர உரிமைகளை கனடியன் சாக்கர் பிசினஸ்ங்கிற நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்த நிறுவனம் சிபிஎல் முதலாளிகள் சேர்ந்து ஆரம்பிச்சது. சங்கத்துக்கு வருஷத்துக்கு 30 – 40 லட்சம் டாலர் நிச்சயம். அதுக்கு மேல வர்றது நிறுவனத்துக்கு.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. 2021ல பெண்கள் அணி டோக்கியோ ஒலிம்பிக் தங்கம். ஆண்கள் அணி 36 வருஷம் கழிச்சு 2022 உலகக் கோப்பைக்குத் தகுதி. மதிப்பு எகிறுச்சு, சங்கத்துக்கு வர்ற தொகை அப்படியே நின்னுச்சு. 2022 ஜூன்ல பனாமா கூட நட்பு ஆட்டம் ஆட ஆண்கள் அணி மறுத்தது. 2023 பிப்ரவரியில பெண்கள் அணி வேலைநிறுத்தம். ரெண்டு சண்டைக்கும் பின்னாடி இருந்த பணப் பிரச்சினையில இந்த ஒப்பந்தத்தோட பேரும் அடிபட்டது.

தெருவுல யாரும் நடமாடாத காலத்துல கடையை நீண்ட கால நிலையான வாடகைக்கு விட்டீங்க. பக்கத்துல மெட்ரோ வந்துருச்சு. வாடகைக்காரர் கொழிக்கிறார், நீங்க பழைய வாடகைதான் வாங்குறீங்க. வாடகைக்காரர் திருடல. யாரும் வராதப்போ ரிஸ்க் எடுத்தவர் அவர்தான். ஆனா சந்தை ஏறினா வாடகையும் ஏறணும்னு ஒரு வரி ஒப்பந்தத்துல இருந்திருக்கணும். லீக் வேணும்னு சொல்றவங்களும் சரி, வீரர்களுக்குக் காசு வேணும்னு சொல்றவங்களும் சரி. நிலையான வருமானம் பாதுகாப்பு தரும், வளர்ச்சியில பங்கு தராது.

அப்போ ரசிகர் எதைப் பார்க்கணும்?

டொராண்டோ, மார்க்கம் பக்கம் இருக்கிற நம்ம வாசகர்கள் நிறையப் பேர் பிள்ளைங்களை சாக்கருக்கு அனுப்புறீங்க. உள்ளூர் அணிக்கு சீசன் டிக்கெட் வாங்குறதைப் பத்தி யோசிக்கும்போது இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. மைதானம் யாரோடது? உணவு, பார்க்கிங் காசு யாருக்குப் போகுது?
2. மைதானத்தோட அளவு, வர்ற கூட்டத்துக்குப் பொருந்துதா?
3. ஒரே முதலாளியோட பர்ஸை நம்பி ஓடுதா, இல்ல ஸ்பான்சர், ஒளிபரப்பு, பயிற்சிப் பள்ளின்னு வேற வருமானமும் இருக்கா?
4. கிளப் நின்னா டிக்கெட் பணம் திரும்ப வருமான்னு நிபந்தனையில எழுதியிருக்கா?

சீசன் டிக்கெட் முதலீடு இல்ல, செலவு. சந்தோஷத்துக்கான செலவு, தாராளமா பண்ணுங்க. ஆனா பொழுதுபோக்கு பட்ஜெட்ல இருந்து.

2026 உலகக் கோப்பையில டொராண்டோவுக்கு 6, வான்கூவருக்கு 7னு கனடாவுக்கு மொத்தம் 13 ஆட்டம் ஒதுக்கினாங்க. அதுக்கு வர்ற கூட்டத்தைக் காட்டி "பார்த்தீங்களா, ஊர் தயார்"னு யாராவது சொன்னா எட்மன்டனை ஞாபகம் வச்சுக்கோங்க. அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் ஒரு சாதாரண சனிக்கிழமை உள்ளூர் கிளப் டிக்கெட் வாங்குறாங்கங்கிறதுதான் கணக்கு.

நீங்க கனடாவுல இருந்தா, உங்க ஊர் கிளப்போட மைதானம் எப்படி, டிக்கெட் விலை கட்டுபடியாகுதான்னு வீடியோவுக்குக் கீழ எழுதுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.