பட்டணத்துக்குக் குடிவந்த மாயாவிகள்

லண்டன் மாநகரில் கோவென்ட் கார்டன் என்பது நாடகக் கொட்டகைகளும் கடைகளும் நெருங்கிய இடம். ஜனவரி மாதத்துக் கடுங்குளிர். இரவில் அங்கே ஒரு கொலை நடந்துவிட்டது. விடியும்வரை அந்த இடத்தைக் காவல் காக்கும்படி பீட்டர் கிராண்ட் என்ற இளம் போலீஸ்காரனை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதா கோவில் தூண் மறைவிலிருந்து ஒருவர் வெளிப்படுகிறார். நடந்ததைக் கண்ணாரக் கண்டதாகச் சொல்கிறார். பீட்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாக்குமூலம் எழுதத் தொடங்குகிறான். பாதியில்தான் தெரிகிறது, சாட்சி செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்பது. இந்தச் சாட்சியத்தை எந்த ரிஜிஸ்தரில் பதிவது?

2011-ஆம் ஆண்டில் பென் ஆரனோவிச் வெளியிட்ட 'ரிவர்ஸ் ஆப் லண்டன்' நாவல் இப்படித்தான் ஆரம்பமாகிறது. 'லண்டன் நதிகள்' என்று பொருள். இதே புத்தகம் அமெரிக்காவில் 'மிட்நைட் ரயட்' என்ற பெயரில் வந்தது. இரண்டும் வேறு வேறு என்று எண்ணி இரண்டு தடவை பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மாயக் கதை என்றால் ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியையும், பேய்க் கதை என்றால் பாழடைந்த பங்களாவையும் எதிர்பார்ப்பது வழக்கம். கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் செழித்து வளர்ந்திருக்கும் நகர மாய நாவல்கள் இந்த விலாசத்தை மாற்றிவிட்டன. இங்கே மாயாவி வாடகை வீட்டில் குடியிருக்கிறான். முதல் தேதி நெருங்கினால் அவனுக்கும் வயிற்றைக் கலக்குகிறது. தேவதை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள்.

இந்த ரகத்தில் குப்பையும் ஏராளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அட்டையில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண், கையில் கத்தி, வானத்தில் முழு நிலா என்று வருஷந்தோறும் நூற்றுக்கணக்கில் வருகின்றன. நல்லதைப் பொறுக்கி எடுக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. கதையிலிருந்து மந்திரத்தையெல்லாம் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஊரும், அங்கே எவர் கண்ணிலும் படாமல் பிழைக்கிற ஜனங்களும் மிச்சமிருந்தால், தயங்காமல் வாங்கலாம்.

தேம்ஸ் தாய்

ஆரனோவிச் இந்தச் சோதனையில் முதல் வகுப்பில் தேறுகிறவர். 1988-இலும் 1989-இலும் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்குக் கதை எழுதிவிட்டு, பிறகு கோவென்ட் கார்டனிலேயே ஒரு புத்தகக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். அந்த வட்டாரத்துச் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கதாநாயகன் பீட்டரின் தாய் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் தேசத்தவள். ஆபீஸ்களைக் கூட்டித் துடைப்பவள். தகப்பனார் போதைப் பழக்கத்தால் பெயரைக் கெடுத்துக்கொண்ட ஜாஸ் வாத்தியக்காரர். பீட்டரையோ பிற போலீஸ்காரர்களின் காகித வேலையைச் செய்து கொடுக்கும் பிரிவுக்குத் தள்ள மேலதிகாரிகள் தீர்மானித்துவிட்டார்கள். அந்தக் கதியிலிருந்து அவனைக் காப்பாற்றுகிறவர் இன்ஸ்பெக்டர் நைட்டிங்கேல். பிறந்தது 1900-இல், பார்வைக்கு நாற்பது வயது. இங்கிலாந்தின் கடைசி சர்க்கார் மந்திரவாதி அவர். ஐசக் நியூட்டன்தான் மந்திர சாஸ்திரத்துக்கும் விதிகளை வகுத்தவர் என்பது கதை. சிஷ்யனாகச் சேர்ந்த பீட்டர் குருவை ஓயாமல் கேள்வி கேட்கிறான். மந்திரம் போட்டால் செல்போன் ஏன் பொடியாகிறது என்று கருவிகளை வரிசையாக வைத்துப் பரிசோதிக்கிறான். இந்த இடங்களில் சிரிக்காமல் வாசிப்பது கஷ்டம்.

ஆனால் புத்தகத்தின் உயிர் அங்கே இல்லை, நதிகளிடம் இருக்கிறது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் சாக்கடை முழுவதும் தேம்ஸில் கலந்து நாற்றம் தாங்க முடியாமல் போயிற்று. பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். அதன்பிறகே பஸால்ஜெட் என்ற என்ஜினீயர் பிரம்மாண்டமான பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். இவ்வளவும் சரித்திரம். அந்த நாற்றம் பொறுக்காமல் ஆற்றின் கிழத் தெய்வம் மேல்பகுதிக்குக் குடிபோய்விட்டது என்பது ஆரனோவிச்சின் கற்பனை.

காலியான ஸ்தானத்துக்கு யார் வந்தார்? நைஜீரியாவிலிருந்து நர்ஸ் படிப்புக்காக லண்டன் வந்த ஒரு பெண். பரீட்சையில் தோல்வி. நம்பியவனும் கைவிட்டான். வாழ்வில் பிடிப்பெல்லாம் போய் லண்டன் பாலத்தின் மேல் வந்து நின்ற அவளை நதி அழைத்துக்கொண்டது, அவளே நதியாகிவிட்டாள். 1948-இல் பிரிட்டனில் தேசிய மருத்துவ சேவை தொடங்கிய பிறகு, கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் எத்தனையோ இளம் பெண்கள் நர்ஸ் வேலைக்குக் கப்பலேறினார்கள். இரவெல்லாம் கண் விழித்து நோயாளிகளைக் காத்த அவர்களுக்கு லண்டனின் புராணத்தில் இடம் கொடுத்தவர் இல்லை. ஆரனோவிச் அவர்களில் ஒருத்தியைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டார்.

தேம்ஸ் தாயின் புதல்விகள் பிளீட், டைபர்ன், எப்ரா முதலிய கிளை நதிகள். இவை லண்டனில் நிஜமாகவே ஓடியவை. இப்போதும் தெருவுக்கடியில் குழாய்களுக்குள் ஓடுகின்றன. கிளார்க்கன்வெல் பகுதியில் ரே தெருவின் இரும்புக் கிராதி அருகே நின்று காது கொடுத்தால் பிளீட் நதி பாயும் ஓசை கேட்கும்.

வரிசையில் நான்காவதான 'புரோக்கன் ஹோம்ஸ்' 2013-இல் வந்தது. எலிபண்ட் அண்ட் காஸில் வட்டாரத்தில் நகர சபை கட்டிய ஓர் உயர்ந்த குடியிருப்பு அதன் களம். அந்த வட்டாரத்தில் ஹேகேட் என்ற பெரிய குடியிருப்பு 1974-இல் கட்டி முடிந்தது. அதைக் காலி செய்து 2014-க்குள் இடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இடம் பெயர்ந்தார்கள். நாவலில் வரும் கட்டடம் கற்பனை. அதன் படிக்கட்டுகளில் கிழவிகள் பேசிக்கொள்ளும் பேச்சு கற்பனை மாதிரி இல்லை.

இந்தத் தொடரை முதல் புத்தகத்திலிருந்து வரிசையாக வாசிப்பதே முறை. சிகாகோ விஷயம் வேறு. ஜிம் புட்சரின் கதாநாயகன் ஹாரி டிரெஸ்டன், டெலிபோன் டைரக்டரியில் மந்திரவாதி என்ற தலைப்பின் கீழ் விளம்பரம் செய்துகொண்டிருக்கும் ஒரே ஆசாமி. வாடகை பாக்கி. ஓட்டை மோட்டார். துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு இவனைப் பார்த்தவுடன் பிடிக்கும். 2000-இல் 'ஸ்டார்ம் பிரண்ட்' நாவலுடன் தொடங்கி 2020-க்குள் 17 நாவல்கள் ஆகிவிட்டன. முதல் இரண்டும் ஆசிரியரின் கன்னி முயற்சி; சற்று முரடாகத்தான் இருக்கும். பெண்களை வர்ணிப்பதில் கதாநாயகன் செலவிடும் வரிகள் சலிப்பூட்டும். மூன்றாவதான 'கிரேவ் பெரில்' என்பதிலிருந்து ஆரம்பித்தாலும் பாதகமில்லை. ஏழாவதான 'டெட் பீட்' வரை போகிறவர்களுக்கு ஒரு விருந்து உண்டு. சிகாகோ பீல்ட் மியூசியத்தில் 'சூ' என்ற டைனோசாரின் எலும்புக்கூடு நிஜமாகவே இருக்கிறது. அதற்கு உயிரூட்டி அதன் மேல் சவாரி செய்கிறான் ஹாரி.

தொடர் கதையே வேண்டாம், ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும் என்பவர்கள் எம்மா புல் 1987-இல் எழுதிய 'வார் பார் தி ஓக்ஸ்' நாவலைத் தேடலாம். மினியாபோலிஸ் நகரத்துப் பாடகி ஒருத்தியை இரண்டு தேவதைக் கூட்டங்களின் சண்டைக்குப் பிடித்துப் போகிறார்கள். சாகாவரம் பெற்றவர்கள் போரில் சாக வேண்டுமானால் களத்தில் ஒரு மனிதப் பிறவி நின்றாக வேண்டுமாம்! இந்த ரகத்துக்கு வழிகாட்டிய நாவல்களில் இது ஒன்று.

லைசென்ஸ் பெற்ற ரத்தக்காட்டேரி

சோவியத் ஆட்சி 1991-இல் கலைந்தது. ஏழாண்டு கழித்து செர்கேய் லுக்யானென்கோ ரஷ்ய மொழியில் 'நைட் வாட்ச்' நாவலை வெளியிட்டார். மனோதத்துவ வைத்தியம் படித்தவர் அவர். மாஸ்கோவில் ஒளிக் கட்சி, இருள் கட்சி என்று மாயாவிகள் இரண்டு பிரிவு. யுத்தம் செய்து அலுத்துப்போய் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். இருளை இரவுக் காவல் கண்காணிக்கும். ஒளியைப் பகல் காவல் கண்காணிக்கும். ஒரு தரப்பு நல்ல காரியம் ஒன்று செய்தால், அதே அளவுக்குக் கெட்ட காரியம் செய்ய எதிர்த்தரப்புக்கு உரிமை பிறக்கிறது. ரத்தக்காட்டேரிக்கு மனிதரைப் பிடிக்க லைசென்ஸ் உண்டு. யாரைப் பிடிப்பது என்பது குலுக்கல் சீட்டில் முடிவாகிறது!

அன்டன் என்ற கம்ப்யூட்டர்காரன் நல்லவர்களின் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறான். தன் கட்சி நல்ல கட்சிதானா என்ற சந்தேகம் அவனை அரிக்கிறது. சண்டைக் காட்சிகளை எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம் தரலாம், சிந்திக்கிறவர்களுக்குத் தராது. 2004-இல் வந்த சினிமாப் படத்தைப் பார்த்திருந்தாலும் நாவலைத் தனியாக வாசிக்க வேண்டும்.

முதுகில் ஒரு மிருகம்

தென்னாப்பிரிக்காவின் லாரன் பூக்ஸ் 2010-இல் எழுதிய 'ஜூ சிட்டி' மனத்தைக் கனக்க வைப்பது. 2011-ஆம் ஆண்டின் ஆர்தர் சி. கிளார்க் பரிசு அதற்குக் கிடைத்தது. பெரும் பாவம் செய்தவரிடம் ஒரு மிருகம் வந்து ஒட்டிக்கொள்ளும். பிரிந்தால் வலி தாங்காது. மிருகம் செத்தால் மனிதனும் போனான். கூடவே ஒரு சிறு சித்தியும் கிடைக்கும். ஜின்ஸி டிசம்பர் என்ற முன்னாள் பத்திரிகைக்காரியின் முதுகில் ஒரு தேவாங்கு போன்ற பிராணி தொங்குகிறது. காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடிப்பது அவளுடைய சித்தி. கடனை அடைக்க மோசடிக் கடிதங்களும் எழுதுகிறாள்.

ஜோகன்னஸ்பர்க் நகரின் ஹில்புரோ பகுதியில், மிருகக்காரர்கள் மட்டும் வாழும் இடிந்த மாடிக் கட்டடத்தில் அவள் குடியிருக்கிறாள். அவளுடைய காதலன் காங்கோ தேசத்து அகதி. மனைவி மக்கள் மாண்டார்கள் என்று எண்ணி நாளைக் கழித்தவனுக்கு, அவர்கள் ஓர் அகதி முகாமில் உயிரோடிருக்கலாம் என்ற செய்தி வருகிறது. தொலைந்ததைத் தேடித் தருவதே தொழிலாக உள்ளவள் இப்போது என்ன செய்வாள்? நாவல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2008 மே மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் வெளிதேசத்தவர் மேல் நடந்த தாக்குதல்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு வாசித்தால் மிருகக்காரர்கள் யார் என்பதை ஆசிரியை விளக்க வேண்டியிராது. இது சிறுவர்களுக்கான புத்தகம் அல்ல.

என். கே. ஜெமிசின் என்ற அமெரிக்க ஆசிரியை 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஹ்யூகோ பரிசு பெற்றவர். அவர் 2020-இல் வெளியிட்ட 'தி சிட்டி வி பிகேம்' நாவலில் நியூயார்க் நகரமே உயிர் பெறுகிறது. அதன் ஐந்து வட்டாரங்களும் ஐந்து மனிதர்களாக உருவெடுக்கின்றன. நகரத்தை விழுங்க வரும் எதிரி வெள்ளை உடையில் வரும் ஒரு பெண். வாளும் வேலும் அவளுக்கு அவசியமில்லை. வீட்டுப் பத்திரம் போதும். புரூக்ளின் வட்டாரமாக விளங்குகிறவளின் குடும்ப வீடு காகிதத்திலேயே கைமாறிவிடுகிறது.

குவீன்ஸ் வட்டாரமாக ஆகிறவள் யார் தெரியுமா? பத்மினி பிரகாஷ் என்ற 25 வயதுத் தமிழ்ப் பெண். கணிதம் படிக்க அமெரிக்கா சென்றவள். ஆபத்து வரும்போது மற்றவர்களுக்குப் பாட்டும் படமும் கைகொடுக்கின்றன. பத்மினிக்குக் கணக்கே மந்திரமாகிறது. ஊரின் ஒரு பகுதியே தன் உடம்பில் குடிகொண்டிருந்தும், அந்த ஊரில் இருக்க விசா நிலைக்குமா என்ற கவலை அவளை விடவில்லை.

கதையில் அரசியல் வாடை கொஞ்சம் தூக்கல்தான். தகப்பனுக்கு அஞ்சிப் படகேறாமல் ஸ்டேட்டன் தீவிலேயே அடைந்து கிடக்கும் எய்ஸ்லின் என்ற பெண்ணை வரைந்திருக்கும் நயம் அதை மறக்கடிக்கிறது. முதலில் மூன்று பாகமாகத் திட்டமிட்டிருந்த ஆசிரியை, 2022-இல் வந்த 'தி வேர்ல்ட் வி மேக்' என்ற இரண்டாம் பாகத்திலேயே கதையை முடித்துவிட்டார். பதினேழு புத்தகங்களுக்குப் பயப்படுகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.