விதைக்குள் உயிர் உண்டா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். முளையே வராத பயிரை எதில் கண்டறிவது? ஆடி மழையை நம்பி மானாவாரியில் நிலக்கடலை விதைக்கும் சேலம், நாமக்கல் உழவருக்கு இது ஏட்டு வினா அன்று. ஓராண்டு வயிற்றுப்பாட்டு வினா.

எங்கள் வீட்டில் நடந்ததையே கூறுகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன், கடலை உடைக்கும் இயந்திரம் ஊருக்கு வந்தபோது, பிறகு ஆள் கிடைக்காதே என்று என் தந்தையார் விதைக்காயைச் சித்திரையிலேயே உடைத்துப் பருப்பாகச் சாக்கில் கட்டி வைத்தார். ஆடியில் விதைத்தோம். பருப்பு பார்வைக்குக் குறையின்றி இருந்தது. ஆனால் பாதிகூட முளைக்கவில்லை. கடன் வாங்கி மறுவிதை கொண்டுவருவதற்குள் நிலத்தில் ஈரம் போய்விட்டது.

காரணம் என்ன? கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஓட்டை உடைத்து நெடுநாள் வைத்தால், காற்றும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. உயிரணுக்களின் சவ்வு பழுதுபடுகிறது. இயந்திரத்தில் மேல்தோல் உரிந்திருந்தால் கேடு இன்னும் விரைவு. விதைக்கடலையைக் காயாகவே வைத்திருந்து விதைக்குமுன் உடைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

விதையின் உயிரை அறிய இன்று நடைமுறையில் உள்ள வழி முளைப்புச் சோதனை. பரிசோதனை நிலையத்தில் நூறு நூறாக 400 விதைகளை முளைக்க வைத்து எண்ணுகிறார்கள். கடலைக்குப் பத்து நாட்களாகும். சான்று பெற்ற விதையில் கடலை நூற்றுக்கு 70, நெல் 80 குறையாமல் முளைக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அவசரத்துக்கு வேறொரு முறையும் உண்டு. ஜெர்மனியில் லாக்கன் என்பவர் 1940-களில் வகுத்த டெட்ரசோலியம் சோதனை அது. உயிருள்ள திசுவின் நொதிகள் அந்த நிறமற்ற கரைசலைச் சிவப்பாக மாற்றும்; செத்த பகுதி வெளுத்தே நிற்கும். ஒரே நாளில் விடை கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் விதையை அறுத்துப் பார்க்க வேண்டும். அறுத்த விதையை நட முடியாதன்றோ?

விதையை அழிக்காமலே அறிய இயலுமா? இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் வெப்பம் ஏறியது. கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளியே அகச்சிவப்பு. அதில் நமக்கு அண்மையில் உள்ள பகுதி 780 முதல் 2500 நானோமீட்டர் வரை அலைநீளமுடையது.

இவ்வொளி விதைமேல் பட்டால், உள்ளிருக்கும் மூலக்கூறுகள் தத்தமக்கு உரிய அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்கின்றன. நீர் 1450, 1940 நானோமீட்டரை ஒட்டி மிகுதியாக உறிஞ்சும்; எண்ணெய்க்கும் புரதத்துக்கும் வேறு இடங்கள். மீண்டு வரும் ஒளியை அளந்தால் ஒவ்வொரு விதைக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். 1960-களில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்ல் நாரிஸ் இவ்வழியைத் தானியங்களின் ஈரத்தை அளக்கப் பயன்படுத்திக் காட்டினார்.

இதை வீட்டில் சொன்னபோது என் அப்பத்தா, "ஏங்கண்ணு, வெளிச்சத்துக்கு உசுரு தெரியுமா?" என்று கேட்டார். சரியான கேள்வி! கருவிக்கு உயிர் தெரியாது. விதை மூப்படைகையில் நீர், எண்ணெய், புரதம் ஆகியவற்றில் நேரும் சிறு மாறுதல்களின் சாயல்தான் அதற்குத் தெரியும். ஆகவே முதலில் பல விதைகளுக்கு எண்ணிட்டு, ஒளியில் அளந்து, பிறகு முளைக்க வைத்து, எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று கணிப்பொறிக்குக் கற்பிக்க வேண்டும். அதன்பின் புதிய விதையின் வளைகோட்டைப் பார்த்து அது கணித்துச் சொல்லும். ஓர் இரகத்தில் கற்ற பாடம் மற்றோர் இரகத்துக்கோ அடுத்த பருவத்துக்கோ அப்படியே பொருந்தாது. மீண்டும் சரிபார்க்க வேண்டும். கருவியின் விலையும் சிற்றுழவரின் கைக்கு எட்டாதது.

பின் பயன்தான் என்ன? முளைப்புச் சோதனை குவியலின் சராசரியைத்தான் சொல்லும். எந்த விதை செத்தது என்று சொல்லாது. ஒளியோ ஒவ்வொரு விதையாகப் பார்ப்பதால், செத்ததை நீக்கிவிட்டு மிஞ்சியதை விதைக்க வழி திறக்கிறது. புதுதில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியைப் போல, விதைகளைப் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரி குளிரில் காக்கும் இடங்களில், ஒரு பிடியே மிஞ்சிய அரிய இரகத்தைச் சோதனைக்காக இழக்க வேண்டியதுமில்லை.

அக்கருவி நம் ஊர்களுக்கு வரும்வரை ஈரச்சாக்கே நம் ஆய்வகம். அப்பத்தா இருபது பருப்பை ஈரத்துணியில் முடிந்து பார்ப்பார். முறை சரி, எண்ணிக்கைதான் போதாது. நூற்றுக்கு எழுபது முளைக்கும் குவியலிலிருந்து இருபது எடுத்தால், தற்செயலாகவே 50 சதவீதமும் வரலாம், 90-ம் வரலாம். நூறு எடுத்தால் பெரும்பாலும் 61-க்கும் 79-க்கும் இடையில் நிற்கும். சென்ற ஆடியில் காயாக வைத்திருந்த விதையில் கொஞ்சம் உடைத்து, நூறு பருப்பை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தேன். 84 முளைத்தன. அதன்பிறகே தந்தையார் ஏர் பூட்டச் சம்மதித்தார்.

உழவர் வீட்டுப் பிள்ளைகளே நம்மில் பலர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது விதைப்புக்குப் பத்து நாள் முன்னதாக நூறு விதைகளை எண்ணி வையுங்கள். வகுப்பில் கற்ற கணக்கு வயலில் முளைப்பதை நீங்களே காண்பீர்கள்.