சிப்பில் இருக்கும் ஓட்டையை அப்டேட் அடைக்குமா? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்கள் கவனத்துக்கு!

போனில் 'அப்டேட்' என்று வந்தாலே 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுபவரா நீங்கள்? ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிக் கணக்கைப் பழைய கம்ப்யூட்டரில் வைத்திருப்பவருக்கும், சென்னை ஐ.டி. ஊழியருக்கும் இது பொதுவான பழக்கம்தான். ஆனால், சில அப்டேட்கள் புது எமோஜி தர வருவதில்லை. பிராசஸர் சிப்பிலேயே இருக்கும் ஓட்டையை மறைக்க வருகின்றன.

சிப்பிலேயே ஓட்டையா?

ஆமாம். 2018 ஜனவரி 3-ம் தேதி 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்ற இரண்டு குறைபாடுகள் வெளியே தெரிந்தன. கண்டுபிடித்தவர்களில் கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' குழுவும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உண்டு. மெல்ட்டவுனில் அதிகம் சிக்கியது இன்டெல். ஸ்பெக்டரோ இன்டெல், ஏ.எம்.டி., செல்போன்களில் இருக்கும் ஆர்ம் என யாரையும் விடவில்லை.

எப்படித் திருடுறாங்க?

தினமும் வரும் கஸ்டமர் தெருமுனையில் தெரிந்ததுமே டீ மாஸ்டர் ஒரு கிளாஸில் டீயை ஊற்றிவிடுவார். கஸ்டமர் 'இன்னைக்கு வேணாம்' என்றால் டீயைக் கொட்டிவிடுவார். ஆனால், கிளாஸ் சூடாக இருக்குமே! எந்த கிளாஸ் சுடுகிறது என்று தொட்டுப் பார்ப்பவருக்கு, அவர் வழக்கமாக என்ன குடிப்பார் என்று தெரிந்துவிடும்.

பிராசஸரும் இப்படித்தான். வேகத்துக்காக அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்யும். ஊகம் தப்பினால் முடிவைத் தூக்கிப்போடும். ஆனால், தடயம் 'கேஷ்' நினைவகத்தில் தங்கிவிடும். ஒரு தகவல் எவ்வளவு வேகமாகக் கிடைக்கிறது என்பதை அளந்தே, பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களை ஊகிக்க முடியும்.

அப்டேட் என்ன செய்யும்?

விற்ற சிப்பை மாற்ற முடியாது. அதனால் விண்டோஸ், லினக்ஸ் போன்றவை தங்கள் ரகசிய நினைவகத்தை மற்ற ஆப்களின் கண்ணில் படாமல் தனியாகப் பிரித்தன. சிப் நிறுவனங்கள் 'மைக்ரோகோட்' திருத்தம் தந்தன. இதற்கு விலை, கொஞ்சம் வேகம். 2015 காலத்து அல்லது அதற்கும் பழைய சிப்பில் விண்டோஸ் 7, 8 ஓடினால் பெரும்பாலானவர்களுக்கு வேகக் குறைவு தெரியும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. சில பழைய ஏ.எம்.டி. கம்ப்யூட்டர்கள் ஆன் ஆகாமலே போக, அவற்றுக்கான அப்டேட்டைச் சில நாள்கள் நிறுத்தியும் வைத்தது.

போனுக்கும் இது பொருந்துமா?

2024 அக்டோபரில் குவால்காம் சிப்களின் ஒரு குறையைச் சிலர் ஏற்கெனவே பயன்படுத்தித் தாக்குவதாகத் தகவல் வந்தது. இது வேறு வகைக் குறை. திருத்தம் ஆண்ட்ராய்டின் 2024 நவம்பர் 5 தேதியிட்ட பாதுகாப்பு அப்டேட்டில் வந்தது.

நீங்கள் என்ன செய்யணும்?

* போன் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். குவால்காம் சிப் போனில் அது 2024 நவம்பர் 5-க்கு முந்தையது என்றால் உடனே அப்டேட் தேடுங்கள்.
* அப்டேட்டுக்கு முன் கணக்கு ஃபைல்களை பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.
* பிரவுசரையும் அப்டேட் செய்யுங்கள். ஸ்பெக்டர் தாக்குதலை ஒரு வெப்சைட் வழியாகவே நடத்த முடியும்.
* விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்தது. இவற்றில் பேங்க் வேலை பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.
* அப்டேட்டே வராத பழைய போனா? அதைப் பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள், யு.பி.ஐ. ஆப்பை வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.