இத்தாலியில் ஆடை வடிவமைப்புக் கல்வி: ஒரு மாணவரின் நாளாந்த வாழ்க்கை

உலகின் நவநாகரிக ஆடைத்துறை பற்றிப் பேசப்படும்போது பாரிஸ், லண்டன், நியூயோர்க் ஆகிய நகரங்களுடன் இத்தாலியின் மிலான் நகரமும் சேர்த்தே எண்ணப்படுகின்றது. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் ஆடைக் கண்காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்டு, அத்துறையிலேயே கல்வி கற்க வேண்டுமென்று விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் எமது நாட்டில் இருக்கின்றனர். தொலைக்காட்சி காட்டுவது மேடையில் நிகழும் சில நிமிட நேரத்தை மாத்திரமே. அந்த நிமிடங்களை எட்டுவதற்கு ஒரு மாணவர் கடக்க வேண்டிய மூன்றாண்டு கால வாழ்க்கை எத்தகையது என்பது பற்றி இங்குள்ளோர் அறிந்திருப்பது குறைவு. பிள்ளையின் வெளிநாட்டுக் கல்விக்காகக் காணியை ஈடு வைக்கவும் நகைகளை அடகு வைக்கவும் பெற்றோர் துணிகின்ற நிலையில், இது பற்றிச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானதாகும்.

இத்தாலி இத்துறையில் முன்னணிக்கு வந்தது மிகப் பழைய காலத்தில் அன்று. இரண்டாம் உலகப்போர் முடிவடையும் வரை பாரிஸ் நகரமே ஆடை நாகரிகத்தைத் தீர்மானித்தது. 1951 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆம் திகதி ஜொவான்னி பத்திஸ்தா ஜோர்ஜினி என்ற வர்த்தகர், புளோரன்ஸ் நகரிலுள்ள தமது இல்லத்தில் இத்தாலிய ஆடைகளின் கண்காட்சியொன்றை நடத்தி, அமெரிக்கக் கொள்வனவாளர்களை அதற்கு அழைத்தார். அடுத்த ஆண்டில் அக்கண்காட்சி பித்தி மாளிகையின் வெள்ளை மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. 1958 இல் இத்தாலிய ஆடைத்துறைக்கான தேசிய சம்மேளனம் அமைக்கப்பட்டது. 1970 களில் ஆயத்த ஆடைகளின் காலம் பிறந்தபோது மையம் மிலான் நகருக்கு நகர்ந்தது. கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற பியெல்லாவும் பட்டுக்குப் பெயர்பெற்ற கோமோவும் மிலானுக்கு அண்மையில் அமைந்திருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

இத்தாலிய நெசவின் வேர்களைத் தேடுவோர் அரபு உலகத்தையும் சந்திக்க நேரிடுகின்றது. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், அரபு மரபில் இயங்கிய அரச பட்டறையில், இரண்டாம் ரொஜர் மன்னனுக்காக ஒரு பட்டு மேலங்கி தயாரிக்கப்பட்டது. அதன் ஓரத்திலே கூபி எழுத்துகளால் பொறிக்கப்பட்ட அரபு வாசகம், அது ஹிஜ்ரி 528 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1133-34 இல் தயாரானதென்பதைத் தெரிவிக்கின்றது. இன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்பட்டு வரும் அந்த மேலங்கி, ஆடை வரலாறு கற்கும் மாணவர் அறிந்துகொள்ளும் பழம்பொருட்களில் ஒன்றாகும்.

இன்று இத்துறையைக் கற்பிக்கும் நிறுவனங்கள் பல வகைப்பட்டவை. மிலானில் 1935 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மரங்கோனி, புளோரன்ஸில் 1986 இல் தோன்றிய பொலிமோதா ஆகியன பிரபலமான தனியார் கல்வி நிலையங்கள். 1863 இல் நிறுவப்பட்ட மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெனிஸ் நகரின் யுவாவ் பல்கலைக்கழகமும் அரச நிறுவனங்கள். இவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை விண்ணப்பிப்பவர் முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். தனியார் நிலையங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கின்றன. ஆயினும் அவற்றுட் சிலவற்றில் ஓராண்டுக் கட்டணம் 20,000 யூரோ அளவினை எட்டுகின்றது. அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்துக்கு ஏற்ப அறவிடப்படுகின்றது. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அண்மைய ஆண்டுகளில் உச்சக் கட்டணமே ஏறக்குறைய 4,000 யூரோவாக இருந்து வருகின்றது. ஆனால் அரச நிறுவனங்களின் இளமாணிக் கற்கைநெறிகள் பல இத்தாலிய மொழியிலேயே நடத்தப்படுகின்றன. அனுமதிக்குப் போட்டியும் உண்டு.

மாணவரின் நாள் அதிகாலையிலேயே ஆரம்பமாகின்றது. நகரின் மத்தியில் வாடகை அதிகமென்பதால் அநேகர் புறநகரங்களில் தங்கி, புகையிரதத்திலும் நிலக்கீழ் ரயிலிலும் பயணம் செய்கின்றனர். கையிலே உருட்டிய காகிதங்கள், தோளிலே கத்தரிக்கோல், அளவு நாடா, குண்டூசிப் பெட்டி ஆகியன அடங்கிய பை என்ற கோலத்தில் அவர்களைக் காலை வேளையில் காணலாம். வழியில் ஒரு கடையின் முகப்பில் நின்றவாறே சிறு கிண்ணத்தில் கோப்பி அருந்துவது அந்நாட்டு வழக்கம். அமர்ந்து அருந்தினால் விலை கூடும் என்பதைப் புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்கின்றார்.

வகுப்பறையிலே முதலில் கற்பிக்கப்படுவது மனித உடலை வரைதல். அடுத்தது துணியைப் பற்றிய அறிவு. இழையின் தன்மை, நெசவின் வகை, துணியை நேராக வெட்டும்போதும் குறுக்குச் சாய்வாக வெட்டும்போதும் அது உடலில் விழும் விதம் ஆகியவற்றைக் கையால் தொட்டு அறிய வேண்டும். மூன்றாவதாக வருவது வெட்டுப் படிவம் தயாரித்தல். தட்டையான காகிதத்தில் கோடுகளாக இருக்கும் ஒன்று வளைவுகள் நிறைந்த உடலுக்குப் பொருந்தும் ஆடையாக மாறுவதற்கு நுட்பமான கணக்கு வேண்டும். படிவத்தை முதலில் மலிவான பருத்திக் காடாத் துணியில் வெட்டி, உருவப் பொம்மையின் மீது குண்டூசிகளால் பொருத்திப் பார்க்கின்றனர். தோள் சற்று இழுத்தால், இடுப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால், அதனைப் பிரித்து மீண்டும் வெட்ட வேண்டும். ஒரே மேற்சட்டைக்கு நான்கு, ஐந்து தடவைகள் இவ்வாறு செய்வது சாதாரணம். அழகாக வரையத் தெரிந்தால் போதும் என்று எண்ணி வந்தவர்கள் தடுமாறுவது இவ்விடத்திலேயே. எமது ஊர்களில் தையற்கலை பயின்றுவிட்டுச் செல்லும் ஒரு யுவதிக்கு இவ்விடத்தில் ஓரளவு முன்னுரிமை உண்டு எனலாம்.

மூன்றாண்டு இளமாணிக் கற்கைநெறி 180 புள்ளிகளைக் கொண்டது. ஒரு புள்ளி என்பது 25 மணிநேர உழைப்பைக் குறிக்கும். அதாவது, பட்டம் பெறுவதற்கு 4,500 மணிநேர வேலை எதிர்பார்க்கப்படுகின்றது. பரீட்சைகளில் 30 இற்கு 18 புள்ளிகள் பெற்றாற்றான் சித்தியடைய முடியும். பல பரீட்சைகள் வாய்மூலமானவை. ஆசிரியர் முன்னிலையில் தமது வேலையை வைத்து, இந்த நிறத்தை ஏன் தெரிவு செய்தீர், இந்தத் துணியின் விலை என்ன, இதனைத் தொழிற்சாலையில் தைக்க முடியுமா என்ற கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும். வகுப்பில் மௌனமாக இருந்து குறிப்பெடுத்துப் பழகிய எமது மாணவர்களுக்கு இது முதலில் அச்சமூட்டுவதாக அமைவது இயல்பே.

மாலையில் வகுப்பு முடிந்த பின்னரும் வேலை முடிவதில்லை. கற்கைநெறிக்கான துணியை மாணவரே வாங்க வேண்டியிருப்பதால், துண்டுத் துணிகள் விற்கும் கடைகளையும் வாராந்தச் சந்தைகளையும் நாடுகின்றனர். செவ்வாய், சனிக்கிழமைகளில் மிலானின் பாப்பினியானோ வீதியில் கூடும் சந்தை இதற்குப் பேர்போனது. விலையுயர்ந்த நிறுவனங்கள் அணிவகுத்து நிற்கும் மொந்தேநபொலியோனே வீதிக்கும் அவர்கள் செல்வதுண்டு. அங்கு அவர்கள் செல்வது பெரும்பாலும் கண்ணாடிக்கு இப்பால் நின்று தையலையும் மடிப்பையும் அவதானிப்பதற்காகவே.

செலவினங்களில் மிகவும் பாரமானது வீட்டு வாடகை. மிலானில் தனி அறையொன்றுக்கு மாதம் 600 யூரோவுக்கும் அதிகமாகக் கேட்கப்படுகின்றது. இரண்டு அல்லது மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கோருவோரும் உளர். 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில், வாடகை கட்டுப்படியாகாத மாணவியொருவர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முன்னாலுள்ள சதுக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார். ஏனைய நகரங்களின் மாணவர்களும் அவ்வாறே செய்ய, அது நாடளாவிய போராட்டமாக மாறியது. சொந்த நாட்டு மாணவர்களுக்கே இந்நிலையெனில், வெளிநாட்டிலிருந்து செல்வோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பத்திர வேலைகளும் இலகுவானவை அல்ல. நாட்டுக்குள் வந்து 8 வேலை நாட்களுக்குள் வதிவிட அனுமதிப்பத்திரத்துக்குத் தபாலகத்தின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் பின்னர் பொலிஸ் அலுவலகத்தில் விரலடையாளம் பதிய வேண்டும். அட்டை கைக்குக் கிடைக்கப் பல மாதங்கள் செல்வதுண்டு. அரச சுகாதார சேவையில் பதிவு செய்துகொள்ள விரும்பும் மாணவர் 2024 ஆம் ஆண்டிலிருந்து வருடத்துக்கு 700 யூரோ செலுத்த வேண்டியுள்ளது. மாணவர் வீசாவில் வாரத்துக்கு 20 மணிநேரமும் ஆண்டுக்கு 1,040 மணிநேரமும் தொழில் செய்யச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் இரவு முழுவதும் தைக்க வேண்டிய கல்விக்கு மத்தியில் உணவகத்தில் கோப்பை கழுவி முழுச் செலவையும் ஈடுசெய்யலாம் என்று எவரேனும் கூறினால் அதனை நம்பிவிடக் கூடாது. அதேவேளை, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிராந்திய அரசுகள் வழங்கும் புலமைப்பரிசில்கள் உண்டு. வெளிநாட்டவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் பற்றிய ஆவணங்களை மொழிபெயர்த்து, உறுதிப்படுத்தி, உரிய திகதிக்கு முன் சமர்ப்பிப்பது அவசியம். இந்த விபரத்தை அறியாமலே பலர் வாய்ப்பை இழக்கின்றனர்.

உணவு, வழிபாடு ஆகிய விடயங்களில் பெரிய இடர்கள் இல்லை. எகிப்தியரும் மொரோக்கோ நாட்டவரும் வங்காளதேசத்தவரும் செறிந்து வாழும் நகரமாதலால் மிலானில் ஹலால் இறைச்சிக் கடைகள் பல உள்ளன. அயலிலுள்ள செக்ராத்தேயில் 1988 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அர்-ரஹ்மான் பள்ளிவாசல் இருக்கின்றது. எனினும் இஸ்லாத்துக்கும் இத்தாலிய அரசுக்கும் இடையே முறையான உடன்படிக்கை இதுவரை இல்லாமையினால், பெரும்பாலான தொழுகைகள் கலாசார நிலையங்களிலேயே நடைபெறுகின்றன. தலையை மூடி ஆடை அணிவதற்குப் பல்கலைக்கழகங்களில் தடையில்லை. 2016 ஆம் ஆண்டு மிலானின் பிரபல நிறுவனமொன்று ஹிஜாப், அபாயா ஆடைகளின் தொகுப்பொன்றை வெளியிட்டதிலிருந்து, அடக்கமான ஆடை என்பது அங்கு வர்த்தக ரீதியாகவும் பேசப்படும் பொருளாகியுள்ளது. இலங்கையரைப் பொறுத்தவரையில், மிலான், வெரோனா, நாப்போலி, கத்தானியா ஆகிய நகரங்களில் எமது நாட்டவர் கணிசமாக வாழ்கின்றனர். வீட்டுப் பராமரிப்பு வேலைகளில் ஈடுபட்டுள்ள அவர்களின் சமையலறைகளில் பரிமாறப்படும் சோறும் கறியும் தனித்திருக்கும் மாணவருக்குப் பெரும் ஆறுதலாகும்.

பெப்ரவரி, செப்டெம்பர் மாதங்களில் நடைபெறும் ஆடை வாரத்தின்போது நகரமே மாறிவிடுகின்றது. மாணவர்களுக்கு அழைப்பிதழ் கிடைப்பது அரிது. ஆயினும் மேடைக்குப் பின்னால் உடை மாற்ற உதவும் பணிக்கு அவர்களே பெரும்பாலும் அமர்த்தப்படுகின்றனர். ஒரு அலங்கார அணிவகுப்பாளரின் ஆடையைச் சில விநாடிகளில் களைந்து மற்றொன்றை அணிவித்து அனுப்பும் அந்தப் பதற்றத்தில், ஒரு பொத்தான் இருக்கும் இடம் எத்துணை முக்கியமானது என்பதைப் புத்தகம் கற்பிக்காத வகையில் அவர்கள் கற்றுக்கொள்கின்றனர். இறுதியாண்டில் நிறுவனமொன்றில் பயிற்சி பெறுவதும் வழக்கம். கற்கைநெறியின் அங்கமாக அமையும் பயிற்சிக்கு ஊதியம் கிடைக்காமலும் போகலாம். பட்டத்துக்குப் பின்னரான பயிற்சிக்குச் சில நூறு யூரோ கொடுப்பனவே கிடைக்கும். வாடகையோடு ஒப்பிடுகையில் இது போதாது என்பது வெளிப்படை. இதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே நிலைத்து நிற்க, திறமையுள்ள ஏனையோர் இடைநடுவில் விலகிச் செல்கின்ற அநீதியும் நிகழ்கின்றது.

இத்துறையின் மற்றொரு முகத்தையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 2013 டிசெம்பர் 1 ஆம் திகதி பிராத்தோ நகரின் ஆடைப் பட்டறையொன்றில் ஏற்பட்ட தீயில், அங்கேயே உறங்கி வேலை செய்துவந்த சீனத் தொழிலாளர் 7 பேர் உயிரிழந்தனர். 2024 ஆம் ஆண்டில், உப ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர் சுரண்டப்படுவதைத் தடுக்கத் தவறியமைக்காக, பெயர்பெற்ற ஆடம்பர நிறுவனங்கள் சிலவற்றின் துணைக் கம்பனிகளை மிலான் நீதிமன்றம் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. 'இத்தாலியில் தயாரிக்கப்பட்டது' என்ற சிறு பட்டியின் பின்னால் யாருடைய கைகள் உள்ளன என்ற கேள்வி இன்று வகுப்பறைகளிலும் எழுப்பப்படுகின்றது. சுதந்திர வர்த்தக வலயங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் நாட்டிலிருந்து செல்லும் மாணவர், இக்கேள்விக்கு மற்றையோரைவிட அனுபவத்துடன் பதில் தேடக் கூடியவர்.

பட்டம் பெற்றவர்கள் அனைவரும் வடிவமைப்பாளர்களாவதில்லை. அவ்வாறே, புகழ்பெற்ற வடிவமைப்பாளர்கள் அனைவரும் இப்பாடசாலைகளில் பயின்றவர்களும் அல்லர். 2025 செப்டெம்பரில் 91 ஆவது வயதில் காலமான ஜோர்ஜியோ அர்மானி, மருத்துவக் கல்வியை இடைநிறுத்திவிட்டு ஒரு பல்பொருள் அங்காடியில் கண்ணாடி அலங்காரம் செய்பவராகத் தொழில் தொடங்கியவர். ஜான்பிராங்கோ பெரே கட்டடக் கலைஞர். ஜான்னி வெர்சாச்சே தையற்காரியான தமது தாயாரிடமே தொழில் கற்றவர். ஆகவே கல்வி நிலையத்தின் பெயர் எதிர்காலத்துக்கு உத்தரவாதமளிப்பதில்லை. வெட்டுப் படிவம் தயாரிப்போர், துணி கொள்வனவு செய்வோர், தரம் பார்ப்போர், உற்பத்தியைத் திட்டமிடுவோர் என இத்துறையில் பல தொழில்கள் உள. பட்டம் பெற்றபின் வேலை தேடுவதற்காக 12 மாதங்கள் வரை அங்கு தங்கியிருக்கவும் அனுமதி பெறலாம்.

ஆடை ஏற்றுமதி இலங்கையின் பிரதான வருமான வழிகளில் ஒன்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலேயே ஆடை வடிவமைப்புப் பட்டக் கற்கைநெறி உண்டு. இளமாணிப் பட்டத்தை இங்கு பெற்று, முதுமாணிக்காக இத்தாலி செல்வது செலவையும் அபாயத்தையும் குறைக்கும் வழியாகும். செல்வதென்று தீர்மானித்தவர்கள் ஓராண்டுக்கு முன்னரே இத்தாலிய மொழியைக் கற்கத் தொடங்குவதும், கல்வி நிலையம் வழங்கும் சான்றிதழ் அந்நாட்டுக் கல்வி அமைச்சினால் அங்கீகரிக்கப்பட்டதா என்பதை முகவர்களிடம் கேளாது தாமே உறுதிப்படுத்திக் கொள்வதும், முதலாண்டுக்கான முழுச் செலவையும் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவதும் அவசியமாகும். ஈடு வைத்த காணியை மீட்கும் வழியையும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து கணக்குப் பார்த்த பின்னரே விமானச் சீட்டைப் பெற வேண்டும்.