இட்லிப் பானையும் புது வீட்டுத் தளமும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் தமிழ்நாட்டு எல்லையும் புதுச்சேரி எல்லையும் மாறி மாறி வரும். அந்தச் சாலையில்தான் கண்டமங்கலம் இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் பாதி கட்டி நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். முட்டுக் கொடுத்த தளம், பூசாத செங்கல் சுவர், மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஒரு பிள்ளை என்று சின்னக் குடும்பங்கள் கட்டும் வீடுகள் இவற்றில் பல. சிமெண்டும் கம்பியும் அவர்களே வாங்குவார்கள். மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசியிருப்பார்கள். அரசு உதவியில் கட்டுகிறவர்களும் உண்டு. 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். அதையும் பயனாளிக் குடும்பம் தானே நின்றுதான் கட்ட வேண்டும்.

தானே நின்று கட்டும் வீட்டில் ஒரு வேலை முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. தண்ணீர் விடுவதுதான் அது. மேஸ்திரி தளம் போட்டுவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுவார். காலையும் மாலையும் மாடியேறிக் குழாயைப் பிடிப்பது வீட்டுப் பெண்களும், வேலைக்குப் போய்த் திரும்பிய கணவரும்தான். கூலி இல்லாத வேலை என்பதால் இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடுகிறோம். அந்த வீட்டின் பலத்தில் கணிசமான பங்கு அங்கேதான் உருவாகிறது. எப்படி என்று புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போவோம். இட்லி ஊற்றத் தெரிந்த யாருக்கும் இது விளங்கும்.

இட்லி மாவு எப்படி இட்லியாகிறது? ஆவியில் வேகும்போது அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உள்ளே இழுத்துப் பருக்கிறது, ஒன்றோடொன்று கூடி இறுகுகிறது. வெந்த இட்லியைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் ஓடாது. தண்ணீர் வெளியே போகவில்லை, உள்ளே போய்க் குடியேறிவிட்டது. கான்கிரீட்டும் அப்படித்தான். வெயிலில் காய்ந்து கெட்டியாகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு ரசாயன வினை புரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாகவும் படிகங்களாகவும் வளர்கின்றன. அவை ஜல்லியையும் மணலையும் பற்றிக்கொண்டு பின்னிக்கொள்கின்றன. தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தாலும் கான்கிரீட் இறுகும். ஆற்றுக்குள் நிற்கும் பாலத்தின் அடித்தளங்கள் அப்படி இறுகியவைதான்.

முதலில் மாவுப் பதம். மாவு நீர்த்துவிட்டால் இட்லி தட்டையாகிவிடும் என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். சிமெண்டுக்கும் ஒரு பதம் உண்டு. 50 கிலோ மூட்டை ஒன்று முழுமையாக வினைபுரிய, ரசாயனமாகப் பிணையும் தண்ணீர் ஏறக்குறைய 11 அல்லது 12 லிட்டர்தான். மீதித் தண்ணீரில் பெரும்பகுதி கலவையை அள்ளிக் கொட்டிப் பரப்புவதற்காகச் சேர்ப்பது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண வீட்டுத் தளத்துக்கு உரிய எம் 20 கலவையை அளவு பார்த்துக் கலக்கும்போது மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. மழை நாளில் வந்து இறங்கும் எம்-சாண்ட் ஏற்கெனவே நனைந்திருக்கும். அந்த ஈரமும் இந்த 30 லிட்டருக்குள் அடக்கம். கலவை வழுக்கிக்கொண்டு ஓடினால் வேலையாட்களுக்குச் சுலபம், அதனால் மெஷினுக்குள் இன்னொரு வாளி ஊற்றச் சொல்வார்கள். அந்த வாளித் தண்ணீர் பிற்பாடு ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். பலம் குறையும், மழைநீர் ஊறி இறங்கவும் வழி கிடைக்கும். தளம் போடும் அன்று குடும்பத்தில் ஒருவர் மெஷின் பக்கத்திலேயே நின்று வாளியை எண்ணுவது மரியாதைக் குறைவு இல்லை. மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவரும் வருத்தப்பட மாட்டார்.

அடுத்தது மூடி. பானையின் மூடியைப் பாதியில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? மேலே தோல் கட்டும், உள்ளே மாவு வேகாமல் கிடக்கும். தளம் போட்டதும் மேலே சூரியன், பக்கவாட்டில் காற்று. மேல்பரப்பின் தண்ணீர் முதலில் பறக்கிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் வினை நின்றுவிடுகிறது. மயிரிழை வெடிப்புகள் முதல் நாள் மாலையிலேயே தெரியத் தொடங்குவது இதனால்தான். பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துவதும், தூண்களுக்கு நனைந்த சாக்கைச் சுற்றுவதும் பானைக்கு மூடி போடும் வேலைதான். பானைக்குள் ஈரத்துணி செய்வதைத் தூணில் சாக்கு செய்கிறது. ஒரு சாக்கைச் சுற்றிவிட்டு மறந்துபோனால் பயன் இல்லை. காய்ந்த சாக்கு தூணின் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

எத்தனை நாள்? இங்கேதான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலமானால் 10 நாள். ஆனால் கடையில் வீடு கட்ட என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பி.பி.சி. சிமெண்ட். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல் மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும். மட்டமான சரக்கு என்று யாரும் பயப்பட வேண்டாம், நீண்டகாலத்துக்கு நல்ல சிமெண்ட் அது. ஆனால் சாம்பல் உடனே வினைபுரியாது. சிமெண்ட் வினைபுரியும்போது வெளிவரும் சுண்ணாம்புக்காகக் காத்திருந்து, அது கிடைத்த பிறகே தன் வேலையைத் தொடங்கும். அதனால் பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்று ஐ.எஸ். 456 பரிந்துரைக்கிறது. மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நாளை எண்ணுங்கள். ஏழு நாள் போதும் என்பது தாத்தா காலத்துச் சிமெண்டுக்குப் பொருந்திய கணக்கு.

இட்லியை இறக்கிய உடனே கரண்டியை விட்டால் பிய்ந்து வரும். இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுப்போம். தளத்துக்கு அடியில் நிற்கும் முட்டுகளுக்கும் அதே பொறுமை வேண்டும். சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்குள் இருக்கும் தளத்தின் முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் அகலமான அறைக்கு 14 நாள் நிற்க வேண்டும். ஆறு மீட்டருக்கு உட்பட்ட பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குச் சொன்ன கணக்கு, பி.பி.சி.க்கு இதைவிடக் கூடுதலாக விட வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுகிறது என்பதால் சீக்கிரம் பிரிக்கச் சொல்லி நெருக்குதல் வரும். ஏழாம் நாளில் தளத்துக்கு வந்திருப்பது முழுப் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எம் 20 என்ற பெயரில் உள்ள 20, இருபத்தெட்டாம் நாள் பலம்: சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்.

ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இட்லிக்கு வெளியே அடுப்பு வேண்டும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். கான்கிரீட்டுக்கு அடுப்பு வேண்டாம். வினையே சூட்டைக் கிளப்புகிறது. வேகும் வேலையும் 28 நாளோடு நிற்பதில்லை. ஈரம் இருக்கும்வரை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடந்துகொண்டே இருக்கும்.

பக்கத்து வானூர் வட்டத்தில் ஆரோவில் மண் நிறுவனம் இருக்கிறது. செம்மண்ணோடு 5 சதவீத அளவில் சிமெண்ட் சேர்த்து, மெஷினில் அழுத்திச் சுடாத கல் செய்கிறார்கள். அந்தக் கல்லையும் நான்கு வாரம் ஈரத்தோடு வைத்துப் பதப்படுத்திவிட்டுத்தான் சுவருக்கு எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட கல்லில் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம் 30 ஆண்டுகளுக்கு மேல் மழையும் கடற்காற்றும் தாங்கி நிற்கிறது. வீடு கட்டப்போகும் தம்பதி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

இனி இரண்டாம் பாதி. தளமும் சுவரும் வெந்தாயிற்று. பூச்சு வேலை முடிந்து, அதற்கும் ஒரு வாரம் தண்ணீர் விட்டாயிற்று. இப்போது கதை தலைகீழாகிறது. இதுவரை ஈரத்தை உள்ளே பிடித்து வைத்தோம். இனி மிச்ச ஈரத்தை வெளியே விட வேண்டும். வெந்த இட்லியைச் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால், ஆவி மூடியில் பட்டு நீராகி இறங்கும், அடியில் இருக்கும் இட்லி பிசுபிசுத்துப் போகும். ஈரச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதும் அதே காரியம். வெளியேற வழியில்லாத ஈரம் பெயிண்டைத் தள்ளிக் கொப்புளம் ஆக்கும். வரும் வழியில் சுவருக்குள் இருக்கும் சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து வெள்ளையாகப் பூக்கவிடும். புதுப் பூச்சில் காரம் மிகுதி. அது எண்ணெய் பெயிண்டின் எண்ணெயைச் சோப்பாக மாற்றிப் பிசுபிசுக்கச் செய்துவிடும்.

பூச்சு முடிந்து குறைந்தது நான்கு வாரம் சுவரைச் சும்மா விடுங்கள், மழைக்காலம் என்றால் அதற்கு மேலும். காய்ந்ததா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, சுவர் கறுத்திருந்தாலோ பெயிண்டருக்கு இன்னும் போன் செய்ய வேண்டாம். கழிவறைக்குப் பின்சுவர், வடக்குப் பார்த்த சுவர், தரையை ஒட்டிய முதல் இரண்டடி, இந்த மூன்று இடத்திலும் சோதியுங்கள்.

ஈர வீட்டில் அவசரமாகக் குடியேறுவது சுவருக்கு மட்டும் கேடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெர்லின் நகரில் புதுக் கட்டடங்கள் வேகமாக எழுந்தபோது, காயாத வீடுகளில் ஏழைக் குடும்பங்களைக் குறைந்த வாடகைக்குக் குடிவைத்தார்கள். அவர்கள் மூட்டும் கணப்பிலும் விடும் மூச்சிலும் சுண்ணாம்புப் பூச்சு இறுகிக் காயும். காய்ந்ததும் அவர்களை வெளியேற்றிவிட்டு முழு வாடகைக்கு ஆள் சேர்ப்பார்கள். ஈரத்திலும் பூஞ்சையிலும் அந்தக் குடும்பங்கள் நோயில் விழுந்தன. நம் வீட்டில் யாரும் நம்மை அப்படித் தள்ளவில்லை. ஆனால் பழைய வீட்டு வாடகை, வங்கித் தவணை, நல்ல முகூர்த்தம் மூன்றும் சேர்ந்து தள்ளுகின்றன. இரண்டு வீட்டுச் சுமையை ஒரு சம்பளத்தில் சுமக்கும் குடும்பத்தைப் பார்த்து, பொறுங்கள் என்று சொல்வது எளிது. அந்தச் சுமை எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்கிறேன், பிள்ளைக்கு இழுப்போ சளியோ இருந்தால் பூஞ்சை வாசம் அடிக்கும் அறையில் படுக்க வைக்காதீர்கள்.

பால் காய்ச்சும் நாளும் கட்டிலைக் கொண்டுவந்து போடும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குறித்த நாளில் விளக்கேற்றிப் பால் காய்ச்சி, ஓர் இரவு தங்கிவிட்டு வந்து, ஒரு மாதம் ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகு சாமான் ஏற்றலாம். குடிபோன முதல் வருஷம் பீரோவையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தே சமையுங்கள். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால் உடனே பயப்பட வேண்டாம். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருவது அது. பூசும்போதே அந்த இடத்தில் கோழி வலை அடித்திருந்தால் பெரும்பாலும் வராது. கோடு அகன்றுகொண்டே போனாலோ, கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

முகூர்த்தத்தைப் பற்றியும் ஒன்று. எல்லாரும் தை மாதத்துக்கு ஓடுகிறார்கள். இந்தப் பகுதிக்கு மழை வருவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலில், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. தை முகூர்த்தத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் இந்த மழைக்குள்தான் சுவர் காய வேண்டும். அது நடக்காத காரியம். அதையே திருப்பிப் போட்டால் மழை நமக்கு வேலை செய்யும். மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்து ஐப்பசியிலோ கார்த்திகையிலோ தளம் போடுங்கள், ஈரக்காற்றில் தளம் நன்றாக வேகும். தை மாதத்தில் பூச்சு வேலை. மாசி, பங்குனி வெயில் சுவரைக் காய வைக்கட்டும். பங்குனிக் கடைசியில் பெயிண்ட், சித்திரையிலோ வைகாசியிலோ பால் காய்ச்சலாம். ஜோசியரிடம் போகும் முன் மேஸ்திரியிடம் பூச்சு முடியும் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.