கணினியிற் கோப்புறை உரிமை

ஒரு வீட்டிற் குடியிருத்தல் வேறு. அவ்வீட்டுக்கு உறுதி உடையராதல் வேறு. இவ்வேறுபாட்டை மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலைமுறை பலவாக லயங்களில் வாழ்ந்தும் தம் அறைக்கு உறுதி பெறாதார் இன்றும் உளர். இவ்வேறுபாடு வீட்டுக் கணினியினுள்ளும் உண்டென்பதை யான் அறிந்தது, சென்ற சித்திரையில் நேர்ந்த ஓர் இடரினாலாகும்.

கண்டியிற் சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமின்னல் நாம் அறிந்ததே. அத்தகைய பிற்பகல் ஒன்றில் என் பழைய கணினி பழுதுற்றது. வன்தட்டு மட்டும் தப்பியது. அதனுள்ளே பத்தாண்டுக் காலத்து வினாத்தாள்கள் இருந்தன. அவை போயிருப்பினும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். ஆயின், தெல்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றில் முதியவர் ஒருவர் இரண்டு இரவுகள் எனக்காகப் பாடித்தந்த காமன் கூத்துப் பாடல்களின் ஒலிப்பதிவும் அதிலேயே இருந்தது. அம்முதியவர் இன்றில்லை. அப்பாடல்களை அம்முறையிற் பாடுவார் பிறரை யான் அறியேன்.

புதுக்கணினி வாங்கி, பழைய வன்தட்டை ஓர் உறையிலிட்டு அதனோடு இணைத்தேன். ஒலிப்பதிவுக் கோப்புறையைத் திறக்க முயன்றபோது, திறப்பதற்கு எனக்கு அனுமதியில்லை என்னும் அறிவித்தல் தோன்றியது. யானே அமைத்த கோப்புறை! புதுக்கணினியிலும் என் கணக்குக்கு அதே பெயரையே இட்டிருந்தேன், கடவுச்சொல்லுங்கூட அதுவே. தட்டுப் பழுதுற்றதென்றும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஒழுங்குசெய்தல் நன்றென்றும் திருத்துநர் ஒருவர் கூறினார். நல்லகாலமாக அன்று அவருக்கு நேரமிருக்கவில்லை.

இதன் காரணம் யாது? கணினி நம்மைப் பெயரால் அறிவதில்லை. விண்டோஸ் அமைப்பிற் பயனர் கணக்கொன்று உண்டாக்கப்படும்பொழுதே அதற்கு எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்டதோர் எண் அமைகின்றது. பெயர் அவ்வெண்ணின்மேல் ஒட்டிய சீட்டு மாத்திரமே. நம் தேசிய அடையாள அட்டையை ஒப்புநோக்குக. ஒரு மாவட்டத்தில் ஒரே பெயருடையார் நூற்றுவர் இருக்கலாம்; ஒருவரது அட்டை எண் மற்றொருவர்க்கு வாராது. கோப்புறையின்மேல் எழுதப்பட்டிருந்தது என் பழைய எண். புதுக்கணினி எனக்குத் தந்ததோ வேறோர் எண். ஆகவே பெயரொத்த அயலான் ஒருவனாகவே அது என்னைக் கண்டது. அது செய்தது தவறன்று. காவலாளி கடமையைச் செய்தானென்றே கொள்ளவேண்டும். லினக்ஸ் அமைப்பிலும் எண்ணே ஆட்சி செய்கின்றது. ஆயினும் உபுண்டு முதலியவற்றில் முதற் பயனர்க்குப் பெரும்பாலும் 1000 என்ற எண்ணே வருதலின், பழைய தட்டு புதுக்கணினியில் எளிதில் திறந்துவிடுதலும் உண்டு. அது நட்பன்று, தற்செயல்.

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்த காலத்தில், எக்கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் எனப் பட்டியலிடும் முறை 1965 இல் மல்ட்டிக்ஸ் என்னும் அமைப்பின் திட்டத்தில் விளக்கப்பட்டது. 1993 இல் வந்த விண்டோஸ் என்.ரி. அவ்வகைப் பட்டியலைக் கையாண்டது. விண்டோஸ் 98 போன்ற வீட்டுக்கணினி அமைப்புகளில் இப்பூட்டு இல்லை. 2001 இல் எக்ஸ்.பி. வந்தபின்னரே அலுவலகத்துப் பூட்டு வீட்டுக்குள் நுழைந்தது.

இனி, பட்டியலில் இடம்பெறுதல் அனுமதி. பட்டியலையே மாற்றும் உரிமை உடையவர்க்குரியது. படிக்கும் அனுமதி தமக்கு இல்லாதபோதும், உடையவர் அதனைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளலாம். கணினியின் நிருவாகிக்கோ, பிறர் கோப்புறையின் உடைமையைத் தன்பால் எடுத்துக்கொள்ளும் சிறப்புரிமை உண்டு. பெரும்பாலான வீடுகளில், அறிவித்தலிலுள்ள ‘கொன்ரினியூ’ என்னும் பொத்தானை அழுத்திப் பொறுத்திருந்தாலே போதும். எனக்கு அது பயன்படவில்லை. பிள்ளைகள் அழித்துவிடலாகாதென்று முன்னொருநாள் நிருவாகியின் பெயரையுஞ் சேர்த்துப் பட்டியலினின்றும் யானே நீக்கியிருந்தேன்!

ஆகவே நீண்ட வழியே செல்லவேண்டியதாயிற்று. கோப்புறையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘புரொப்பட்டீஸ்’, ‘செக்கியூரிட்டி’, ‘அட்வான்ஸ்ட்’ எனப் படிப்படியாகச் சென்றேன். உடையவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கவில்லை. அதனருகேயுள்ள ‘சேஞ்ச்’ என்பதை அழுத்தி, என் இப்போதைய கணக்கின் பெயரை எழுதி, உட்கோப்புகளுக்கும் அதுவே செல்லுக எனக் கட்டத்திற் குறியிட்டு, சாளரத்தை மூடி மீண்டுந் திறந்தேன். பின்னர் முழு அனுமதியையும் என் பெயருக்குச் சேர்த்தேன். இவ்விரண்டாம் படியைப் பலர் மறந்து, உடைமை பெற்றும் திறக்கவில்லையே என வருந்துவர். உறுதியை மாற்றி எழுதியபின் சாவியையும் வாங்கவேண்டுமன்றோ?

கோப்புறை திறந்தது. முதற் பதிவில் முதியவர் குரலுக்கு முன்னே சிறிது நேரம் தகரக் கூரைமேல் மழை பெய்யும் ஓசை கேட்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இம்முறை நம் சொந்தக் கோப்புறைகளுக்கே உரியது. சினங்கொண்டு முழுத்தட்டினையும் ‘எவர்க்கும் எல்லா அனுமதியும்’ எனத் திறந்துவிடுவார் உளர். அது பேராதனை வீதியிற் கதவைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கப்போவதை ஒக்கும். விண்டோஸ் தன் கோப்புகளுக்குத் தானே உடையவராயிருப்பதற்குக் காரணம் உண்டு, அவற்றைத் தொடலாகாது.

மறைகுறியாக்கம் முற்றிலும் வேறு. அங்கே உடைமையை மாற்றுதல் பயன்தராது. திறவுகோல் இன்றேல் உள்ளிருப்பது எழுத்தாகவே தோன்றாது. என் பழைய தட்டு அவ்வாறு பூட்டப்படாதது. புதியன பல இப்போது அப்பூட்டுடனேயே வருகின்றன. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 14.10.2025 உடன் முடிவுற்றமையால் புதுக்கணினி வாங்குவார் இதனை முதலிற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்களாலானது. கணினி நலமாயிருக்கும்போதே அதனைத் தாளில் எழுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் தகரப்பெட்டியில் வைத்துள்ளேன்.